மூன்றாவது வளைவு

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது.

நான் இங்கே நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இல்லாததை எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. எனவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். அங்கே நீங்களும், வீட்டில் அக்காவும், பிள்ளைகளும் நலமாக இருங்கள். உங்கள் தங்கை நீலப் பெட்டியுடன் வந்து சேர்ந்திருப்பாள். அந்தப் பெட்டியின் வலதுபக்கச் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். வரும் வழியில் சிரமப்பட்டிருப்பாள் என்பது ஒன்றே இந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். வருத்தங்கள் இன்னும் இருக்கின்றன.

நடந்ததை உங்கள் தங்கை இதற்குள் சொல்லியிருப்பாள். அழுகை, பெருமூச்சு, நடுவில் அக்காவின் "அடப்பாவமே" எல்லாம் சேர்ந்து அது மேடையில் பாடிய பாட்டு மாதிரி இருந்திருக்கும். நான் எழுதுவது ஸ்டூடியோவில் பதிவு செய்தது. சத்தமில்லாமல், வரிசை மாறாமல் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஓய்வு பெறும்வரை நான் ஸ்பிரிங் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கண்ணாடி அலமாரியில், வெல்வெட் துணிமேல் ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஸ்பிரிங் பூட்டி வைத்திருப்போம். அதற்குப் பெயர் மாஸ்டர். வெளியே போகிற ஒவ்வொன்றையும் மாஸ்டரோடு வைத்துப் பார்த்து, ஒரு மயிரிழை மாறினாலும் சிவப்பு மை வைத்துக் கூடையில் போடுவது என் வேலை. சிவப்பு வைத்த பிறகு முதலாளியே வந்து "இது ஓடும்பா" என்றாலும் நான் ஓடவிட்டதில்லை. அந்தக் கண்ணோடுதான் வீட்டிலும் இருந்தேன். இதை ஒரு குற்றமாக உங்கள் தங்கை சொன்னால், எனக்குப் பெண் கொடுத்தபோது என் வேலையை நன்றாக விசாரித்துவிட்டுத்தான் கொடுத்தீர்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

வேலைக்கு மாஸ்டர் ஸ்பிரிங் என்றால், வாழ்க்கைக்கு எனக்கு அந்தப் பாட்டு. எந்தப் பாட்டு, யார் பாடியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அவரை "நம்ம ஆள்" என்றுதான் சொல்வோம். கல்யாணமான புதிதில், ஒரே அறையை நடுவில் திரை போட்டு, இந்தப் பக்கம் கட்டிலும் அந்தப் பக்கம் அடுப்புமாக நாங்கள் குடியிருந்தபோது, ஞாயிறு மதியம் வானொலியில் அந்தப் பாட்டைப் போடப்போவதாக அறிவித்தார்கள். அதுவரை அதைக் கடைவாசலில் கால், பேருந்தில் அரை என்றுதான் கேட்டிருந்தேன். தொழிற்சாலைத் தோழரிடம் டேப் ரிக்கார்டர் இரவல் வாங்கி, வானொலிக்கு எதிரே ஒரு நாற்காலியில் ஏற்றி வைத்தேன். உள்ளே ஆள் இருந்தால் மூச்சுச் சத்தம் விழும், வெளியே ஆள் இல்லாவிட்டால் தெருச் சத்தம் விழும். பதிவுக்கான இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கும் பொறுப்பை உங்கள் தங்கையிடம் கொடுத்துவிட்டு, "அமுக்கிட்டு அசையாம இரு" என்று சொல்லிவிட்டு, நான் தெருவில் போய் நின்றுகொண்டேன். மணியடித்துக்கொண்டு வந்த ஐஸ் வண்டிக்காரரைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். ஸ்கூட்டரில் வந்தவரை இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "யாராவது தவறிட்டாங்களா சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இல்ல, பாட்டு" என்றேன். அவர் தள்ளிக்கொண்டே தெருமுனைவரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்படிக் கிடைத்த கேசட் அது. மச்சான், அதன் அருமையை நான் எப்படிச் சொல்வேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் மெல்லத் தேய்ந்து போகும். அந்த இடத்தில், எங்கோ தூரத்தில், ஒரு பெண் குரல் வாய் திறக்காமல் ஒரு ஹம்மிங் கொடுக்கும். மூன்று வளைவு. முதல் வளைவு ஏறும், இரண்டாவது இறங்கும், மூன்றாவது இறங்குவதுபோல் வந்து இறங்காமல் அப்படியே மேலே நின்றுவிடும். அது முடிந்த கையோடு இரண்டு மணியோசை, டிங் டிங். அது எந்த வாத்தியம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை அங்கே வைக்கவேண்டும் என்று அந்த இசையமைப்பாளருக்கு எப்படித் தோன்றியது! அந்த அம்மா யார், பெயர் என்ன, ஒரு விவரமும் எங்கும் போடவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்து ஒருமுறை என்று கேட்டிருக்கிறேன். மூலக் கேசட் தேயக் கூடாதென்று பிரதி எடுக்கவும் யாருக்கும் கொடுத்ததில்லை. கடைகளில் இந்தப் பாட்டு ஓடும்போது ஹம்மிங் கேட்காது. மட்டமான ஸ்பீக்கர், நுணுக்கமெல்லாம் அதில் வராது என்று கடந்து போய்விடுவேன்.

உங்கள் தங்கைக்கு ஸ்டூடியோ பாட்டு பிடிக்காது. நம்ம ஆள் மேடையில் பாடியது எதுவானாலும் வாங்கி வருவாள். ஒன்றில் வேகமாகப் பாடியிருப்பார், ஒன்றில் தொண்டை கட்டியிருக்கும், இன்னொன்றில் பல்லவியையே மறந்துவிட்டு "ஐயய்யோ" என்று சிரிப்பார். ஹம்மிங் எதிலுமே கிடையாது. அத்தனையும் சிவப்பு மை.

"இதுல என்ன இருக்குன்னு கேக்கறே?" என்பேன்.

"மனுஷன் இருக்காருங்க. மூச்சு வாங்கறாரு, சிரிக்கறாரு. உங்க கேசட்ல அவரு பொட்டிக்குள்ள நின்னு பாடற மாதிரி இருக்கு."

"மனுஷன் இருக்கறது இருக்கட்டும். பாட்டு இருக்கா பாரு."

இதெல்லாம் எந்த வீட்டிலும் இருக்கிற பேச்சுதான். தொல்லை எங்கே என்றால், அவளும் அடுப்படியில் அந்த ஹம்மிங்கைப் பாடுவாள். தினமும் பாடுவாள். தினமும் வேறு மாதிரி பாடுவாள். ஒருநாள் முதல் வளைவே வராது, மறுநாள் இரண்டாவது இரண்டு தடவை வரும், மூன்றாவது எப்போதும் கீழே போய்விடும். பாடிக்கொண்டே கிளறுவாள், கிளறி முடித்ததும் கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு முறை தட்டுவாள். ஏன் ஒருமுறை தட்டினால் போதாதா என்று கேட்டால் அதற்கும் இரண்டு தட்டுத்தான். நாங்கள் குடித்தனம் வைத்தபோது நீங்கள் வாங்கிக்கொடுத்த அந்த அடிகனமான பாத்திரம்தான், இன்னும் அதுதான் ஓடுகிறது, விளிம்பெல்லாம் தட்டித் தட்டிச் சப்பையாகிவிட்டது. நான் முன்னறையில் செய்தித்தாள் படித்தபடியே, "மூணாவது கீழ போயிடுச்சு" என்று குரல் கொடுப்பேன். திட்டியதில்லை, மச்சான். தகவல் சொன்னேன். "அந்த அம்மா எப்படி நிறுத்தறாங்க கேளு. அந்த நிதானம் யாருக்கு வரும்?" என்று கேசட்டைப் போட்டும் காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் கதவோரம் நின்று, முந்தானையில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். "நல்லா இருக்கோ?" என்பாள். "நல்லாவா? இந்த ஒரு குரலுக்கு என் சம்பளத்தையே எழுதி வைக்கலாம்" என்பேன். சிரித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அரைமணி கழித்து மறுபடியும் தப்பாகவே பாடுவாள். ஒருதடவை மட்டும் கோபப்பட்டாள். "நான் என்ன உங்க ஸ்பிரிங்கா, எப்ப அமுக்கினாலும் அதே உயரத்துக்கு எழும்ப?" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் "ஆமாம்" என்பதுதான்.

இனி கச்சேரி. நம்ம ஆள் எங்கள் ஊர் அரங்கத்தில் பாடப்போகிறார் என்று உங்கள் தங்கைதான் நுழைவுச் சீட்டு வாங்கினாள். புதுச் செருப்பு வாங்கினாள். எனக்கும் சட்டை இஸ்திரி போட்டு வைத்து, "இன்னிக்கு ஒரு நாளாவது சிவப்பு மையை வீட்டுல வெச்சுட்டு வாங்க" என்றாள். வைத்துவிட்டுத்தான் போனேன். முதல் பாட்டில் கிதார் சுருதி விலகியது, பேசாமல் இருந்தேன். நான்காவதில் சரணத்தை இடம் மாற்றிப் பாடினார், பல்லைக் கடித்தேன். பிறகு நம்ம பாட்டு வந்தது. உங்கள் தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் சரணம் முடிந்தது, வயலின் தேய்ந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஹம்மிங் வரவேண்டிய இடத்தில் அந்த மனிதர் தண்ணீர் குடித்தார், மச்சான். மடக் மடக்கென்று குடித்துவிட்டு நேரே இரண்டாவது சரணத்துக்குப் போய்விட்டார்.

பாட்டு முடிந்ததும் அவராகவேதான், "எப்படி இருந்துச்சு? யாராவது சொல்லுங்க" என்று கேட்டார். கேட்டால் சொல்லவேண்டுமா இல்லையா? எழுந்து நின்றேன். மைக் வந்தது. "ஐயா, இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு அம்மாவின் ஹம்மிங் வருமே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று மரியாதையாகவே கேட்டேன்.

அவர் யோசித்தார். "இந்தப் பாட்டுல ஹம்மிங் கிடையாதுங்களே."

"நீங்கள் மறந்திருப்பீர்கள்."

"நான்தாங்க பாடினது."

அரங்கமே சிரித்தது. பரிசோதனையில் தோற்ற ஸ்பிரிங்கை ஜெயித்ததாகச் சொல்லி என்னிடம் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். "இல்லாததையா இவள் தினமும் பாடுகிறாள்?" என்று உங்கள் தங்கையைக் காட்டினேன். அவள் என் சட்டையை இழுத்தாள். "என்னங்க, உக்காருங்க, நான் வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்" என்றாள். அவமானத்தை மூடி மறைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நம்ம ஆள் நல்ல மனிதர், குனிந்து பார்த்து, "அம்மா, எங்க, நீங்க பாடுங்களேன், கேப்போம்" என்றார். மைக் அவள் கைக்குப் போயிற்று. எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று பாடினாள். உள்ளதைச் சொல்கிறேன், அரங்கில் ஒரு நாற்காலி கிறீச்சிடவில்லை. முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். வயலின்காரர் வில்லால் இசைக்குறிப்புத் தாங்கியைத் தட்டினார். நம்ம ஆள் கைகூப்பி, "இத்தனை வருஷமா அந்த இடத்துல எனக்கு ஏதோ குறையுதுன்னு தோணும். இதுதான்மா அது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயாவுக்குத் திருப்தியா?" என்று கேட்டார்.

நான் மைக்கை வாங்கினேன். "நன்றி. ஆனால் மூன்றாவது வளைவு கீழே போய்விட்டது. மாஸ்டரோடு வைத்துப் பார்த்தால் இது பாஸ் ஆகாது" என்றேன்.

ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் "ச்" கொட்டி நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். பின்வரிசையிலிருந்து, "யோவ், அவங்க உன் சம்சாரமாய்யா? பாவம்யா அந்தம்மா" என்று ஒருவர் கத்தினார். வீடு வரும்வரை உங்கள் தங்கை செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை பெட்டியை எடுத்தாள். "எங்கே?" என்றேன். "அண்ணன் வீட்டுக்கு." "எப்போ வருவே?" என்றேன். "பாஸ் ஆனதும் சொல்லி அனுப்புங்க" என்றாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் குழாய் சொட்டுவதும் கடிகாரம் ஓடுவதும் தவிர வேறு சத்தம் இல்லை. ஆறுதலுக்காகக் கேசட்டைப் போட்டேன். வயலின் தேயும் இடம் வந்தது. கரகரவென்றது. நின்றது. திறந்து பார்த்தால் நாடா முழுவதையும் இயந்திரம் தின்றுவிட்டு, ஓரத்தில் கொஞ்சம் தொங்கவிட்டிருந்தது. பழுது பார்ப்பவரை வரவழைத்தேன். அவர் நறுக்கு நறுக்காக வெளியே எடுத்து மேசைமேல் குவித்துவிட்டு, "பாட்டு போச்சு சார். ஷேவிங் பிரஷ் வேணா கட்டிக்கலாம்" என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை என்பதைக் கவனித்துக் கூலியைக் குறைத்துக்கொண்டார். மகளுக்குப் போன் செய்தேன். "இதுக்கா அழறீங்கப்பா? மூலப் பதிவே சுத்தம் பண்ணிக் கிடைக்குது" என்று செல்போனுக்கு அனுப்பினாள். காதில் மாட்டிக் கேட்டேன். எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஹம்மிங் மட்டும் இல்லை. மணியோசையும் இல்லை. சுத்தம் செய்கிறேன் என்று அந்த அம்மாவையே துடைத்து எறிந்திருக்கிறார்கள். கம்பெனிக்குப் புகார் எழுதினேன். "எங்கள் பதிவில் எதுவும் நீக்கப்படவில்லை" என்று ஒரு வரிப் பதில் வந்தது. "இயந்திரம் அனுப்பிய பதில்ப்பா அது" என்கிறாள் மகள். உலகம் முழுவதும் ஒன்றுசேர்ந்து ஒரு பெண்ணின் குரலை ஒளித்து வைக்கிறது, மச்சான். யாருக்கும் உறுத்தவில்லை. நான் ஒருவன்தான் இங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் உங்களிடம் கேட்பது இரண்டு. உங்கள் அலமாரியில் பழைய இசைத்தட்டுகளோடு இந்தப் பாட்டும் இருக்கிறது. தூசு தட்டிப் போட்டுப் பார்த்து, ஹம்மிங் இருக்கிறது என்று எழுதுங்கள். அதைக் கம்பெனி முகத்தில் காட்டவேண்டும். அடுத்தது, உங்கள் தங்கையை அனுப்பி வையுங்கள். வந்தால் முன்போலவே பாடலாம், எப்படி வேண்டுமானாலும் பாடலாம், நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். ஆனால் அந்த அம்மாவுக்கு இணையாகப் பாடினாள் என்று மட்டும் என்னை எழுதச் சொல்லாதீர்கள். இருக்கிறதை இருக்கிறபடி எழுதித்தான் எனக்கு இத்தனை காலம் சோறு கிடைத்தது. தகுதி இல்லாததற்குப் பாஸ் போட்டு வாழ்க்கைப்பட்டவளைத் திரும்பப் பெறுவது அவளுக்கும் மரியாதை இல்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளும் நிமிர்ந்த புத்தியுமாக வளரட்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்து, என்மேல் இருக்கும் கோபமும் அதனுடனே குறையட்டும் என்று வேண்டும்,

உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். இப்போது பிரித்து எழுதுகிறேன். பசி தாங்காமல் நீங்கள் வாங்கிக்கொடுத்த அந்தப் பாத்திரத்தில் எதையோ கொதிக்க வைத்துக் கிளறினேன். அடிப்பிடித்த கோபத்தில் கரண்டியை விளிம்பில் தட்டினேன். இரண்டு முறை. டிங் டிங்.

அடுப்பை அணைத்துவிட்டேன். மறுபடி தட்டினேன். செய்தித்தாள் படிக்கும் இடத்திலிருந்து கேட்டபோதெல்லாம் அது வெறும் தகர ஓசை. பக்கத்தில் நின்று தட்டினால் அதே மணி, மச்சான். அதே இடைவெளி. அதே சுருதி. அன்றைக்குத் தெருவில் நின்று ஊரையே வாய்மூட வைத்தவன் நான். திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

உடனே உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள்.

"கேசட்ல இருக்கறது நீயா?"

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள்.

"ஏன் சொல்லலை?"

"அசையாம இருன்னு சொல்லிட்டுப் போனீங்க. பாடிட்டேன்னு தெரிஞ்சா திட்டுவீங்கன்னு பயம். அப்புறம் அதைக் கேட்டுக் கேட்டு அந்தம்மா, அந்தம்மான்னு உருகினீங்க. என்னை நேரா ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. அந்தம்மாவையாவது சொல்றாரேன்னு கதவோரமா நின்னு கேட்டுக்குவேன். சொல்லிட்டா அதுவும் நின்னு போயிடும்ல?"

நான் கேசட் போய்விட்டதைச் சொன்னேன். ஷேவிங் பிரஷ் வரை சொன்னேன். "அடப்பாவமே" என்றாள். பிறகு, "அப்போ இனிமே எது சரி, எது தப்புன்னு எதை வெச்சுப் பாப்பீங்க?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, கவலையாகக் கேட்டாள். எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். "இருங்க, அடுப்புல பொங்குது" என்று போனை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். போனை அவள் அணைக்கவில்லை. நானும் அணைக்கவில்லை.

உங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து அது வந்தது. முதல் வளைவு ஏறியது. இரண்டாவது இரண்டு தடவை வந்தது. மூன்றாவது தொடங்கியது, இறங்குவதுபோல் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, மூச்சுகூட விடவில்லை. அது கீழே போகிறதா மேலே நிற்கிறதா என்று தெரியும் முன்னால், "யாரு இங்க போனை எடுத்து மல்லாக்கப் போட்டு வெச்சிருக்கறது?" என்று உங்கள் குரல் விழுந்தது, மச்சான். டொக்கென்று அணைத்தும் விட்டீர்கள்.

மேலே எழுதிய அத்தனையையும் கிழித்துப் போடுங்கள். இசைத்தட்டைத் தேட வேண்டாம். பெட்டியைத் தூக்க, இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் நானே வருகிறேன், சக்கரத்துக்கு ஸ்பிரிங் கொண்டு வருகிறேன். அதற்குள் அவள் மறுபடி பாட ஆரம்பித்தால், தயவுசெய்து தெருவில் போய் நின்றுகொள்ளுங்கள். நான் நின்றிருக்கிறேன். முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது.